வாக்கு முதுசொம் அன்று

தேர்தலுக்கு முதல்நாள் வாக்காளரை வணங்குவதும், தேர்தல் முடிந்த மறுநாள் அவரை வைவதும் நம் நாட்டு அரசியற் கட்சிகளுக்குப் பழகிப்போன தொழிலாகிவிட்டன. வென்றவர் மக்கள் தெளிந்துவிட்டார்கள் என்கிறார். தோற்றவர் மக்கள் மயங்கிவிட்டார்கள் என்கிறார். மக்கள் எதை எண்ணி வாக்களித்தார்கள் என்று அவர்களிடமே கேட்டறிய முற்படுவோர் மிகச் சிலர். மாகாண சபைத் தேர்தல் எப்பொழுது வரும் என்று வடபுலம் காத்திருக்கும் இவ்வேளையில், பருத்தித்துறைச் சாதாரண வாக்காளர் நாட்டின் அரசியலை எவ்வாறு பார்த்து வந்திருக்கிறார், இன்று எவ்வாறு பார்க்கிறார் என்பதை எடுத்துரைப்பது நமது கடமையெனக் கருதுகிறோம்.

2024ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களுள் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சிக்கு ஒன்று, தமிழ்க் காங்கிரசுக்கு ஒன்று, சுயேச்சைக் குழுவொன்றுக்கு ஒன்று. தெற்கிலே தோன்றித் தெற்கிலே வளர்ந்த ஒரு கட்சி இம்மாவட்டத்தில் முதலிடம் பெறுவது, விகிதாசாரப் பிரதிநிதித்துவ முறை வந்தபின் ஒருபோதும் நிகழாத ஒன்று. உடனே இரு குரல்கள் எழுந்தன. தமிழ் மக்கள் தமது இனப் பிரச்சினையை மறந்துவிட்டார்கள் என்றது கொழும்பு. தமிழ் மக்கள் தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்றது தோற்ற அணி. இரண்டும் தவறு என்பதே நமது உறுதியான கருத்து. இவ்விரு குரல்களும் பருத்தித்துறை மண்ணின் வாக்கு வரலாற்றை அறியாதார் குரல்கள்.

அவ்வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம்.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் சர்வசன வாக்குரிமை இந்நாட்டுக்கு வந்தது. படித்தவரும் படியாதவரும், காணியுடையாரும் கூலி செய்வாரும், ஆணும் பெண்ணும் சரிநிகராக நின்று வாக்களிக்கும் உரிமை அது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியாரும் அதனை எதிர்த்தனர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த முதலாவது தேர்தலிலே பருத்தித்துறை வாக்களிக்கவில்லை. முழுச் சுயராச்சியம் தராத திட்டம் நமக்கு வேண்டாம் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு விடுத்த அழைப்பை ஏற்று, பருத்தித்துறை, காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளும் பகிஷ்கரித்தன. எனவே நாட்டின் அரசியலைப் பற்றி இவ்வூர் தெரிவித்த முதற் கருத்தே ஒரு மறுப்பாக அமைந்தது. அம்மறுப்பின் விலையையும் இவ்வூரே கொடுத்தது: 1934ஆம் ஆண்டுவரை அரசாங்க சபையிலே இத்தொகுதிக்காகப் பேச ஒருவரும் இருக்கவில்லை. அவ்வாண்டிலேதான் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம் பருத்தித்துறையின் பிரதிநிதியாகச் சபை புகுந்தார்.

1947இல் தமிழ்க் காங்கிரசை ஆதரித்த இத்தொகுதி, 1956இல் நாடே வியக்கும் ஒரு செயலைச் செய்தது. சிங்களம் மட்டும் என்ற முழக்கம் தெற்கை ஆட்கொண்டிருந்த காலம் அது. தமிழர் தாயகமெங்கும் தமிழரசுக் கட்சி பத்து ஆசனங்களை வென்றது. பருத்தித்துறையோ கம்யூனிஸ்ட் கட்சியின் திரு. பொன். கந்தையாவைத் தெரிவு செய்தது. இனத்தை மறந்து செய்த தெரிவா அது? அன்று. அவ்வாண்டு ஜூன் மாதம் அரசகரும மொழி மசோதா வந்தபோது, அதனை எதிர்த்துப் பாராளுமன்றத்திலே முழங்கியவர்களுள் கந்தையாவும் ஒருவர். வயிற்றுப்பாட்டைப் பேசுகிறவர் மொழியுரிமையையும் பேசுவார் என்று நம்பி வாக்களித்த மக்கள் ஏமாறவில்லை. 1960 முதல் தமிழரசுக் கட்சியின் திரு. க. துரைரத்தினத்தைத் தொடர்ந்து தெரிவு செய்தவர்களும் இதே மக்கள்தாம். 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணி கேட்ட ஆணையை அளித்தவர்களும் இவர்கள்தாம். 1983 ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் நிறைவேறியது. அது கேட்ட சத்தியப் பிரமாணத்தைச் செய்ய மறுத்துக் கூட்டணி உறுப்பினர் தம் ஆசனங்களை இழந்தபோது, வாக்களித்த மக்களின் குரலும் பாராளுமன்றத்தினின்றும் அகற்றப்பட்டது.

இங்கே நமது கமக்காரர்களும் உத்தியோகத்தர்களும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டிய ஒரு காலம் உண்டு. அது 1970 முதல் 1977 வரையிலான ஏழாண்டுக் காலம். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் வெங்காயத்தையும் மிளகாயையும் வெளிநாட்டிலிருந்து இறக்குவதைத் தடுத்தது. வடமராட்சித் தோட்டக்காரருக்கு நல்ல விலை கிடைத்தது. கல் வீடுகள் எழுந்தன. நீரிறைக்கும் இயந்திரங்கள் கிணறுதோறும் ஒலித்தன. அதே அரசாங்கம்தான் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தலைப் புகுத்தியது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பிலே சிங்களத்துக்கும் பௌத்தத்துக்கும் முதலிடம் கொடுத்தது. ஒரே வீட்டிலே தந்தைக்கு வெங்காயம் நல்ல விலை போயிற்று. மகனுக்குப் பல்கலைக்கழக இடம் இல்லாது போயிற்று. தந்தையின் மகிழ்ச்சியும் மெய். மகனின் துயரமும் மெய்.

1977இல் ஆட்சி மாறியது. திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி வெங்காயம் சந்தையை நிறைத்தது. 1982ஆம் ஆண்டு முதலாவது ஜனாதிபதித் தேர்தலிலே கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலே வாக்களிக்கச் சென்றவர்களுள் நூற்றுக்கு 40 பேர் தமிழ்க் காங்கிரசின் திரு. குமார் பொன்னம்பலத்தை ஆதரித்தனர். நூற்றுக்கு 35 பேர் ஆதரித்தவர் யார்? முன்னைய ஆட்சியில் விவசாய, காணி அமைச்சராயிருந்த திரு. ஹெக்டர் கொப்பேகடுவ. ஆட்சியிலிருந்த திரு. ஜே. ஆர். ஜயவர்த்தனவுக்குக் கிடைத்தது நூற்றுக்கு 20 அளவே. தோட்டத்தை மறவாத வாக்கு அது. அதே ஆண்டு டிசம்பரிலே, பாராளுமன்றத்தின் ஆயுளைத் தேர்தலின்றி நீட்ட ஒப்புதல் கேட்டு அரசாங்கம் சர்வசன வாக்கெடுப்பு நடத்தியபோது, இதே மாவட்டம் பெரும் பெரும்பான்மையால் அதை மறுத்தது. வெங்காய விலைக்காக வாக்களித்த கமக்காரர் சனநாயகத்துக்காகவும் வாக்களிக்கத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதன்பின் வந்தவை போர்க்காலம். 1987 மே, ஜூன் மாதங்களில் வடமராட்சி கண்ட துன்பத்தை இங்கு விரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வீடு அது நினைவிருக்கிறது. பல தேர்தல்கள் பெயரளவிலேயே நடந்தன. 2005ஆம் ஆண்டு நவம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்திலே வாக்களித்தோர் நூற்றுக்கு 1.2 மாத்திரமே. புலிகளின் பகிஷ்கரிப்பு அதற்குக் காரணம். நாடளாவிய வெற்றி வித்தியாசமோ ஏறத்தாழ 180,000 வாக்குகள். அவ்வெற்றியாளரின் ஆட்சியிலேதான் போர் அதன் கொடிய முடிவை அடைந்தது. வாக்களியாமையும் ஒரு வாக்குத்தான், அதற்கும் விளைவுண்டு. 1931இல் மக்கள் தாமே விரும்பி மறுத்தனர். 2005இல் மக்களின் விருப்பம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் கூடாது.

இனி அண்மைக்காலக் கணக்குக்கு வருவோம். கணக்கு எவர்க்கும் உறவுமன்று, பகையுமன்று.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலே தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு 2015ஆம் ஆண்டு விழுந்த வாக்குகள் 207,577. 2020இல் அது 112,967 ஆகக் குறைந்தது. 2024இல் 63,327 ஆகச் சுருங்கியது. கூட்டமைப்பிலிருந்து பங்காளிகள் பிரிந்தது இதற்கு ஒரு காரணம் என்பது உண்மையே. ஆனால் பிரிவும் மக்கள் செய்ததன்று, தலைவர்கள் செய்தது. தேசிய மக்கள் சக்தி இங்கு காலூன்றுவதற்கு நான்காண்டுகளுக்கு முன்னரே வீட்டின் கூரை ஒழுகத் தொடங்கிவிட்டது. ஒழுக்கை அடைக்காதவர்கள் மழையைக் குறை கூறுவதிலே பயனில்லை.

2024 செப்டெம்பர் 21இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலிலே, இம்மாவட்டத்தில் திரு. சஜித் பிரேமதாசவுக்கு 121,177 வாக்குகளும், தமிழ்ப் பொது வேட்பாளர் திரு. பா. அரியநேத்திரனுக்கு 116,688 வாக்குகளும் கிடைத்தன. திரு. அநுர குமார திசாநாயக்கவுக்கு 27,086 மாத்திரமே. எட்டு வாரம் கழியுமுன் அவரது கட்சிக்கு 80,830 வாக்குகள். இதை அலை என்பார் அலை என்க. நாமோ இதனைச் சோதனைக் கடன் என்போம். ஊழலற்ற ஆட்சி தருவோம், காணியை விடுவிப்போம் என்றவரிடம், சரி, செய்து காட்டும் என்று தவணை குறித்துக் கொடுத்த கடன் அது. செல்லுபடியான வாக்குகளில் நூற்றுக்கு 25 கூட நிறையாத ஒரு முதலிடத்தை, தமிழினத்தின் முழு ஒப்புதலாக எவரும் பாவித்தல் தகாது. ஆறுமாதம் கழித்து, 2025 மே 6இல் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் இம்மாவட்டத்தின் பெரும்பாலான சபைகளில் மீண்டும் தமிழரசுக் கட்சியே முன்னின்றது. கடன் கொடுத்தவர் கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார் என்பதே அதன் பொருள்.

நமது முன்னோர் தேசவழமையிலே சொத்தை முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்று வகுத்தனர். முன்னோர் விட்டுச் சென்றது முதுசொம். தன் முயற்சியால் ஈட்டியது தேடிய தேட்டம். தமிழ் வாக்கு முதுசொம் என்று எண்ணியிருந்தவர்களுக்கு 2024 ஒரு பாடம். அது சீதனமாக வந்துவிட்டது என்று எண்ணியவர்களுக்கு 2025 ஒரு பாடம். வாக்கு தேடிய தேட்டம். தேர்தலுக்குத் தேர்தல் அதனை மீண்டும் தேடியே ஆகவேண்டும்.

அப்படியாயின் இன்றைய வாக்காளர் கேட்பது யாது? சந்தையிலும் வாசிகசாலையிலும் கடற்கரை வாடிகளிலும் நடக்கும் பேச்சைக் கேட்போர் மூன்று செய்திகளை அறிவர்.

கமக்காரர் கேட்கிறார்: அறுவடைக் காலத்திலே வெங்காய இறக்குமதியைத் திறந்துவிடுவது யார்? தீர்வையை ஏற்றுவதும் இறக்குவதும் கொழும்பிலே. விலை விழுவது புலோலியிலும் அல்வாயிலும். 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்தை ஒரேயடியாகத் தடை செய்தபோது இங்குள்ள கமக்காரரைக் கேட்டா செய்தார்கள்? ஆதலால் நாட்டின் அரசியல் நமக்கு எட்டாத் தொலைவிலுள்ள விடயம் என்று அவர் எண்ணுவதில்லை. அது அவர் தோட்ட வரம்புவரை வந்து நிற்கிறது.

கடற்றொழிலாளர் கேட்கிறார்: எங்கள் வலைகளை அறுத்துச் செல்லும் இந்திய இழுவைப் படகுகளை நிறுத்துவது யார்? அடிமடி இழுவைத் தொழிலைத் தடைசெய்யும் சட்டம் 2017ஆம் ஆண்டிலேயே நமது பாராளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்கு முன்முயற்சி எடுத்தவர் தமிழ் உறுப்பினரான திரு. எம். ஏ. சுமந்திரன், அதனை நன்றியோடு சொல்வோம். ஆனால் சட்டப் புத்தகத்திலுள்ள தடை கடலிலே தடையாகவில்லை. பாக்கு நீரிணையின் இருகரையிலும் தமிழர் வாழ்கையில், இதனைப் பேசித் தீர்க்கும் துணிவு எக்கட்சிக்கு உண்டு என்று அவர் அளந்து பார்க்கிறார். 2022இல் மண்ணெண்ணெயின்றிப் படகுகள் கரையிலே கிடந்த நாட்களையும் அவர் மறக்கவில்லை. நல்லாட்சியின்மை நடுக்கடலுக்கும் செல்லும் என்று அப்போது கண்டுகொண்டவர் அவர்.

ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் கேட்கிறார்கள்: பதின்மூன்றாம் திருத்தம் மாகாண சபைக்குக் கொடுத்த கல்வி, சுகாதார, விவசாய அதிகாரங்கள் எங்கே? 2013 செப்டெம்பரில் நடந்த வடமாகாண சபைத் தேர்தலில் 38 ஆசனங்களுள் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் கையில் மக்கள் கொடுத்தார்கள். 2018 ஒக்டோபரிலே அச்சபையின் காலம் முடிந்தது. பின் ஏழாண்டு கழிந்தும் தேர்தல் வரவில்லை. 2017இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் செய்தனர். எல்லை நிர்ணய அறிக்கையை 2018இல் பாராளுமன்றமே நிராகரித்தது. அன்று சிக்கிய முடிச்சை அதன்பின் வந்த அரசாங்கங்கள் அவிழ்க்கவில்லை. மக்கள் தெரிந்த சபையின் இடத்திலே ஜனாதிபதி நியமித்த ஆளுநர் வீற்றிருக்கிறார். வாக்களித்துப் பெற்ற சபையையே காணாத மக்களிடம், மீண்டும் வாக்களியுங்கள் என்று எம்முகத்தோடு கேட்பது?

இம்மூவர் கேள்வியும் ஒரே கேள்வியின் மூன்று கிளைகள். எங்கள் வாழ்வைப் பற்றிய முடிவு எங்கள் கைக்கு எட்டும் இடத்தில் எடுக்கப்படுமா என்பதே அக்கேள்வி. சோறா, உரிமையா என்று மக்களைப் பிரித்துக் கேட்பவர் மக்களை அறியாதவர். உரிமை இல்லாதவன் சோறு பிறர் கையில் இருக்கிறது.

அரசாங்கத்துக்கு நாம் கூற விரும்புவது இது. 225 ஆசனங்களுள் 159ஐப் பெற்றுள்ள நீங்கள், முன்னைய அரசாங்கங்களைப் போலப் பங்காளிக் கட்சிகளைச் சாட்டித் தப்ப இயலாது. 2025 மார்ச் 28ஆம் நாள் வடமாகாணத்தின் ஏறத்தாழ 6,000 ஏக்கர் காணி குறித்து நீங்கள் வெளியிட்ட வர்த்தமானி அறிவித்தலை எண்ணிப் பாருங்கள். உறுதிகளைப் போரிலும் இடப்பெயர்விலும் இழந்த மக்களிடம், குறித்த காலத்துள் உரிமையை நாட்டுங்கள், இல்லையேல் காணி அரசுக்கு என்று சொன்னால், அம்மக்கள் நெஞ்சு என்ன பாடுபடும்! உயர் நீதிமன்றம் தலையிட்டபின் அவ்வறிவித்தல் நின்றது, நன்று. ஆனால் அதை எழுதிய பேனா எந்த எண்ணத்தில் எழுதியது என்ற ஐயம் நிற்கவில்லை. வடக்கின் வாக்கைப் பெற்றோம் என்று மேடையிலே பெருமை பேசுவதை விட்டு, மாகாண சபைத் தேர்தலுக்கு நாள் குறியுங்கள். அதுவே நீங்கள் செலுத்த வேண்டிய முதற் தவணை.

தமிழ்க் கட்சிகளுக்கு நாம் கூற விரும்புவது இன்னும் கடுமையானது. உறவினரிடம் பேசும் உரிமையோடு கூறுகிறோம். 2024இல் ஆறு ஆசனங்களுக்காக இம்மாவட்டத்தில் 44 அணிகள், 396 வேட்பாளர்கள்! கொள்கை வேறுபாடு நாற்பத்துநான்கு இருக்க முடியுமா? முப்பது நாற்பது ஆண்டுகளாக ஒரே மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த இளைஞன், தொழில் எங்கே, துறைமுகத் திட்டம் எங்கே, பனைத்தொழிலுக்கு வழி எங்கே என்று கேட்டால், அவனுக்குத் தியாக வரலாற்றை மாத்திரம் விடையாகச் சொல்வது விடையன்று. வரலாற்றை அவன் அறிவான். அவன் கேட்பது நாளையைப் பற்றி.

ஈற்றில், வாக்காளப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. உங்களைக் குறை கூறுவதற்காக அன்று. உங்கள் கையிலுள்ள கருவியின் கூர்மையை நினைவூட்டுவதற்காக. 2024 பாராளுமன்றத் தேர்தலில் இம்மாவட்டத்திலே 32,000க்கு மேற்பட்ட வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. ஓர் ஆசனத்தைப் பெற்ற அணிகள் சிலவற்றின் வாக்குகளைவிட இத்தொகை பெரிது. புள்ளடியை எங்கே இடுவது, விருப்பு எண்ணை எவ்வாறு அடையாளமிடுவது என்று ஊர்தோறும் கற்பிக்க நமது ஆசிரியர்களும் சனசமூக நிலையங்களும் முன்வர வேண்டும்.

இன்னுமொன்று. ஜனாதிபதித் தேர்தலிலே மூவருக்கு விருப்பு வரிசையில் வாக்களிக்கும் உரிமை நமக்குண்டு. 2024இல் எவரும் பாதிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாததால், இந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக அவ்விருப்புகள் எண்ணப்பட்டன. முதலிருவரைத் தவிர்ந்த ஏனையோருக்கு வாக்களித்தவர் நாடெங்கும் 33 இலட்சம் பேர்; அவர்களிடமிருந்து முதலிருவர் கணக்கிலே சேர்ந்த விருப்புகளோ ஏறத்தாழ 273,000 மாத்திரமே. தமிழ்ப் பொது வேட்பாளரை முதலாவதாகவும், தெற்கின் வேட்பாளர் ஒருவரை இரண்டாவதாகவும் குறித்திருந்தால், கொள்கையும் சொல்லப்பட்டிருக்கும். பேரம் பேசும் பலமும் கிடைத்திருக்கும். நமது ஊரவர் பலர் குடியேறியுள்ள அவுஸ்திரேலியாவிலே 1918 முதல் இத்தகைய விருப்பு வரிசை முறை வழக்கிலுண்டு. 1924இல் வாக்களிப்பையே சட்டத்தால் கட்டாயமாக்கினர். அங்கே கீழ்ச்சபைத் தேர்தலில் வாக்காளர் எல்லா வேட்பாளரையும் வரிசைப்படுத்தியே ஆகவேண்டும். அங்கு நம்மவர் செய்வதை இங்கு நாம் செய்யலாகாதா?

அடுத்து வரும் தேர்தல் எதுவாயினும், வாக்குக் கேட்டு வருவோரிடம் ஐந்து வினாக்களை எழுத்திலே கொடுத்து எழுத்திலே விடை கேளுங்கள். மாகாண சபைத் தேர்தலை எந்நாளுக்குள் நடத்துவீர் அல்லது நடத்துவிப்பீர்? காணி விடுவிப்புக்கு உமது கால அட்டவணை யாது? அறுவடைக்கால இறக்குமதியை எவ்வாறு கட்டுப்படுத்துவீர்? இழுவைப் படகுச் சட்டத்தைக் கடலிலே நடைமுறைப்படுத்துவது எங்ஙனம்? காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுக்கு உமது விடை யாது? விடை எழுதியவர் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். எழுத மறுத்தவர் பெயரையும் குறித்து வைத்திருங்கள்.

1931இல் மறுத்தும், 1956இல் வியக்கவைத்தும், 1977இல் ஒருமுகமாகத் திரண்டும், 2024இல் சோதித்தும் பார்த்த மக்கள் நாம். ஒருமுறையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததில்லை. இனியும் கொடுக்கப்போவதில்லை. இதனை அறிந்து வாக்குத் தேடுவோர் வருக. முதுசொம் கேட்டு வருவோர் திரும்பிச் செல்க.